அறுபத்தெட்டு மில்லிமீட்டர்

எதிரே தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அக்கா இடது கையில் ஒரு மரத்துண்டைப் பிடித்து, அதன் மேல் மூலையைக் கட்டைவிரலால் தொடப் பார்த்தாள். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினாள். துண்டு உள்ளங்கையில் சரிந்தது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, துண்டின் முதுகில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். அங்கே ஏற்கெனவே பதினோரு பெருக்கல் குறிகள் இருந்தன.

"பன்னெண்டு. உன் மொட்டைமாடி தேறாதுடா."

மேசைக்கு அந்தப் பக்கம் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த தம்பிக்குச் சுருக்கென்றது. 'மொட்டைமாடி' அவன் சிபாரிசு செய்த போன். அதே மாடலைத்தான் அவனும் வைத்திருக்கிறான். ஆறேமுக்கால் அங்குலத் திரை, பன்னிரண்டு ஜிபி ராம், இரண்டு நாள் நிற்கும் பேட்டரி. ஒன்பது போன்களை ஒப்பிட்டு அவன் போட்ட அட்டவணையில் அதுதான் முதலிடம். கடைசி இடத்தில் இருந்தது, அக்கா 'சோப்பு' என்று பெயர் வைத்த குட்டிப் போன். ஆறு ஜிபி ராம், இரண்டு வருஷம் பழைய சிப். நடுவில் ஒன்று இருந்தது. அதற்கு அவள் பெயரே வைக்கவில்லை. "அது ரெண்டுங்கெட்டான்" என்று முதல் நாளே ஒதுக்கிவிட்டாள்.

அக்கா லிஃப்ட் மெக்கானிக். வயது முப்பத்து நான்கு. லிஃப்ட் உதிரிப் பாகங்கள் வரும் பெட்டிப் பலகையை அறுத்து, தேய்த்து, மூன்று போன்களின் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் கடையில் வெர்னியர் அளவி வைத்து அளந்து, அதே அளவில் துண்டுகள் செய்திருந்தாள். எடை? அதையும் விடவில்லை. துண்டைக் குடைந்து உள்ளே இரும்பு வாஷர்களைத் திணித்து, அம்மாவின் சமையலறைத் தராசில் கிராம் பிசகாமல் நிறுத்தியிருந்தாள். முகப்பில் பேனாவால் கட்டங்கள் வரைந்திருந்தாள்: அழைக்கும் பச்சை வட்டம், ஸ்பீக்கர், டார்ச், கேமரா. ஒரு நாளைக்கு ஒரு துண்டாக வேலைக்கு எடுத்துப் போவாள். விரல் எட்டாத ஒவ்வொரு தடவையும் முதுகில் ஒரு பெருக்கல் குறி.

"மாப்பிள்ளை பார்க்கச் சொன்னா ரெண்டு நிமிஷத்துல வேணாம்னுட்டா. ஒரு போனுக்கு ரெண்டு வாரமா மரம் அறுக்கறா" என்றாள் அம்மா, தராசைக் கழுவியபடியே.

"மாப்பிள்ளைய ஒரு கையில பிடிக்க வேண்டியதில்லையேம்மா."

தம்பி சிரித்துவிட்டான். பிறகு விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டான். "ஆறேமுக்கால் இஞ்ச் எல்லாம் இப்போ சாதாரணம்க்கா."

"இஞ்ச்சை விடு. அது மூலைக்கு மூலை அளக்கறது. நான் மூலைக்கு மூலையா பிடிக்கப் போறேன்? குறுக்கால எவ்வளவு, உன் அட்டவணையில இருக்கா, பார்த்துச் சொல்லு."

அவன் அட்டவணையில் பதினான்கு வரிசைகள் இருந்தன. அகலம் இல்லை. தேடிப் பார்த்துச் சொன்னான். மொட்டைமாடி எழுபத்தெட்டு மில்லிமீட்டர். சோப்பு அறுபத்தெட்டு.

"பத்து மில்லிமீட்டர்" என்றாள் அக்கா. தூரத்து ஊரின் பெயரைச் சொல்வதுபோல இருந்தது அவள் சொன்ன விதம்.

அவசரத்துக்குக் காரணம் கம்பெனி. நின்றுபோன லிஃப்ட்டில் சிக்கியவர்களை மீட்பதற்கென்று அங்கே எட்டுப் பேர் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. எட்டாவது பெயர் அக்காவுடையது. எண்ணெய் போடுவதிலும் கதவு துடைப்பதிலும் ஆறு வருஷம் கழித்த பிறகே அந்தப் பெயர் அங்கே ஏறியது. இப்போது கம்பெனி புது ஆப் கொண்டுவந்திருக்கிறது. லிஃப்ட் எந்த இடத்தில் நிற்கிறது, ஏன் நின்றது என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டியிடமே கேட்டுச் சொல்லிவிடும். அக்காவின் பழைய போனில் அது திறந்த உடனே உறைந்துபோகிறது. "வெள்ளிக்கிழமை எல்லாரும் ஓட்டிக் காட்டணும். ஓடலைன்னா பேரை எடுத்துடுவேன், வருத்தப்படாதீங்க" என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அன்று செவ்வாய்.

"அதுக்குத்தான் சொல்றேன், பெருசா வாங்கு. ராம் ஜாஸ்தி இருந்தா எந்த ஆப்பும் ஓடும்."

"ராம்னா என்னன்னு நீ சொன்னதை நான் மறக்கலை. லிஃப்ட்டுக்குள்ள எத்தனை பேர் ஏறலாம்னு எழுதியிருப்பாங்களே, அது. எனக்கு ஏறுறது நாலு பேர். ஆப்பு, கேமரா, டார்ச், போன் பேச்சு. ஆறு பேர் லிஃப்ட்டு போதும். பன்னெண்டு பேர் லிஃப்ட்டை வாங்கி அதுல ஒத்தையா நிக்கச் சொல்றியா, பட்டதாரி?"

வீட்டின் முதல் பட்டதாரி அவன். அவனை மடக்கும்போதெல்லாம் அக்கா இந்த ஒரு சொல்லைத்தான் கடைசியில் வைப்பாள். அதில் கேலி எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று அவனால் இன்றுவரை பிரித்துப் பார்க்க முடிந்ததில்லை.

புதன்கிழமை காலை அக்கா பழைய போனை மேசையிலேயே விட்டுவிட்டு, அது இருக்க வேண்டிய பாக்கெட்டில் சோப்புக் கட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். அம்மா கொடுத்தனுப்ப, தம்பி அலுவலகம் போகிற வழியில் அந்த ஐந்து மாடிக் கட்டடத்துக்குப் போனான். அங்கே மாதப் பராமரிப்பு வேலை. வாசலில் காவலாளி இல்லை. படியேறி மாடி உச்சியிலிருந்த இயந்திர அறைக்குள் நுழைந்தபோது, அக்கா மரக்கட்டையில் வரைந்திருந்த பச்சை வட்டத்தை அழுத்தி அதைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் காவலாளி வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"மேடம்... அது கட்டை."

அக்கா அதை ஒரு முறை பார்த்தாள். அசடு வழியக்கூட அவளுக்கு நேரமில்லை. தம்பியைக் கண்டதும் கையை நீட்டினாள். "குடு, குடு. ஆள் மாட்டியிருக்காரு."

கட்டடத்தின் இரண்டு லிஃப்ட்டுகளில் ஒன்று, மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஒருவர். நான்காம் மாடிப் பல் மருத்துவரிடம் பல்லைப் பிடுங்கிக்கொண்டு இறங்கியவர். அவருடைய எண்ணைக் காவலாளி மருத்துவமனையில் கேட்டு வாங்கி வந்திருந்தார். அக்கா பழைய போனில் எண்ணைப் போட்டாள். மணி இரண்டு முறை அடித்தது. திரை அப்படியே உறைந்தது.

"உன்னுதைக் குடுடா."

மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டாள். பிறகு வலது கையால் மோட்டாருக்குப் பக்கத்திலிருந்த பிரேக் நெம்புகோலைப் பிடித்தாள். தம்பி அன்றுவரை அவளை வேலை செய்யும் இடத்தில் பார்த்ததே இல்லை. வீட்டில் சாவியை எங்கே வைத்தோம் என்று தினமும் தேடுகிறவள் இவள்தானா? நெம்புகோலை ஒரு மூச்சு நேரம் திறப்பாள். கையளவு தடிமனான சக்கரம் சத்தமில்லாமல் கொஞ்சம் சுழலும், எஃகு வடங்கள் நகரும். மூடுவாள். மறுபடி திறப்பாள். பெட்டியில் ஒருவர்தான் என்பதால், பிரேக்கை விட்டால் வடத்தின் மறுமுனையில் தொங்கும் எடை அதை மேலே இழுக்கும். எங்கோ கீழே, இருட்டில், ஒரு மனிதரையும் அவரைச் சுமக்கும் இரும்புப் பெட்டியையும் அந்த ஒற்றைக் கை அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டிருந்தது. வடங்களில் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு. அதன் மேல் வைத்த கண்ணை அவள் எடுக்கவே இல்லை.

இடது கை போனைப் பிடித்திருந்தது. "அண்ணே, மேல வர்றீங்க. ஆடும், பயப்படாதீங்க. லைட்டு வராது. நான்தான் கரண்டை நிறுத்தியிருக்கேன்."

ஊசி போட்டு மரத்துப்போன வாயோடு அவர் ஏதோ சொன்னார். வழவழவென்று கேட்டது, ஒன்றும் விளங்கவில்லை. ஸ்பீக்கரைப் போடக் கட்டைவிரலை நீட்டினாள். எட்டவில்லை. இன்னும் நீட்டினாள். போன் சரிந்தது. அதைப் பிடிக்க உள்ளங்கை இறுகியபோது, கையின் சதை திரையின் அடியில் பட்டு அழைப்பு துண்டிக்கப்பட்டது.

அதே நொடியில் அக்கா நெம்புகோலை மூடினாள். சக்கரம் நின்றது. கீழே, இருட்டில் ஒரு பெட்டி நகர்ந்து நின்றிருக்கும். அங்கே கேட்டுக்கொண்டிருந்த அக்காவின் குரலும் நின்றிருக்கும். இரண்டு கைகளாலும் போனைப் பிடித்து மறுபடி எண்ணைப் போட்டாள். பத்து நொடி இருக்கலாம். தம்பிக்குத் தன் அட்டவணை ஞாபகம் வந்தது. 'ஒரு கையில் பிடிக்க வசதி' என்ற வரிசைக்கு, மொத்த நூறு மதிப்பெண்ணில் அவன் ஒதுக்கியிருந்தது வெறும் ஐந்து.

"அண்ணே, நான்தான். எங்கேயும் போகலை. இங்கேயேதான் இருக்கேன். கைப்பிடியப் பிடிச்சுக்கங்க. இன்னும் ரெண்டே ஆட்டம்."

இந்த முறை ஸ்பீக்கரை முதலிலேயே போட்டுவிட்டு நெம்புகோலுக்குத் திரும்பினாள். மஞ்சள் கோடு வந்தது. நின்றது. படியிறங்கி ஓடி, முக்கோணச் சாவியால் வெளிக் கதவைத் திறந்தாள். உள்ளே நின்றவர் ஒரு கையால் வாயில் பஞ்சை அழுத்திக்கொண்டு, மறு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ சொல்ல வந்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

"பேசாதீங்கண்ணே, தையல் பிரிஞ்சிடப் போகுது" என்றாள் அக்கா. அவர் சிரிக்கவும் முடியாமல் தலையை ஆட்டினார்.

பிறகு தம்பியின் போனைச் சட்டையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். "நல்ல போன்டா. படம் பார்க்க நல்லா இருக்கும்."

வியாழக்கிழமை மாலை இருவருமாகக் கடைக்குப் போனார்கள். அக்கா சோப்பைக் கேட்டாள். "அது பழைய சிப் மேடம்" என்று ஆரம்பித்த விற்பனையாளர், அவள் பையிலிருந்து எடுத்து வைத்த மரத்துண்டுகளைப் பார்த்ததும் சோப்பை எடுக்க உள்ளே போனார். கம்பெனி ஆப்பை அங்கேயே இறக்கச் சொன்னாள். ஆப், கேமரா, டார்ச் மூன்றையும் ஒன்றாகத் திறந்து, அதன் மேல் தம்பிக்கு ஒரு அழைப்பும் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஆப் திறக்க ஏழு நொடி. பெரிய போனிலும் பார்த்தாள். நான்கு நொடி.

"மூணு செகண்டு லேட்டுக்கா" என்றான் தம்பி. இந்த முறை வாதாடுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கவலையாக இருந்தது. "பேட்டரியும் கம்மி. ரெண்டு வருஷம் கழிச்சு ஆப் இன்னும் பெருசாச்சுன்னா?"

 அக்கா இரண்டு போன்களையும் இரண்டு உள்ளங்கையிலும் வைத்து மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் அந்த மூன்று நொடி உறுத்தியது முகத்தில் தெரிந்தது.

"அந்த மூணு செகண்டு நான் அவங்ககிட்ட ஏதாச்சும் பேசிட்டிருப்பேன். சார்ஜ் தீர்ந்தா, எல்லா மிஷின் ரூம்லயும் பிளக்கு இருக்கு. ரெண்டு வருஷம் கழிச்சுத்தானே? வேற கட்டை அறுக்கறேன்."

சோப்பில் ஆப்பை மறுபடி திறந்தாள். ஏழாவது நொடியில் மீட்புப் பட்டியல் விரிந்தது. எட்டாவது வரியில் அவள் பெயர். கட்டைவிரல் அதைச் சிரமமில்லாமல் தொட்டது.

புதுப் போனின் பின்புறம் கண்ணாடிபோல மினுங்கியது. விற்பனையாளர் பெட்டியை நீட்டினார். அதற்குள் அக்கா கருவிப் பையைத் திறந்து, கட்டைவிரல் உயரமுள்ள பெயிண்ட் டப்பா ஒன்றையும் ஒரு தீக்குச்சியையும் எடுத்திருந்தாள். வடங்களில் பார்த்த அதே மஞ்சள்.

"அக்கா! புதுசுக்கா அது!"

அவள் குச்சியைத் தோய்த்து, ஆள்காட்டி விரல் உட்காரும் இடத்தில், கடுகளவு உயர்ந்து நிற்கும்படி ஒரே ஒரு புள்ளி வைத்தாள். உதட்டைக் குவித்து, காயும்வரை ஊதினாள்.  பிறகு போனை இடது பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடினாள். வலது கை உயர்ந்து, அங்கே இல்லாத ஒரு நெம்புகோலை இறுகப் பிடித்தது. இடது கை பாக்கெட்டுக்குள் போயிற்று. விரல் புள்ளியைத் தேடவில்லை. தொட்ட இடத்திலேயே அது இருந்தது.