சொன்னால் கேட்காத யானை

அந்தமானில் ரங்கத் பக்கத்துக் காட்டில் மரம் இழுத்த சர்க்கார் யானை ஒன்றுக்கு நான் பாகன். கேம்ப் யானைகள் எல்லாவற்றுக்கும் ஒரே சொற்கள்தான், எல்லாம் தீவு இந்தி. வங்காளியோ தெலுங்கரோ, யார் வந்து "பைட்" என்றாலும் உட்காரும். அதுதான் வினையாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை யானைகளுக்கு லீவு. காலில் சங்கிலியோடு மேய விட்டுவிடுவோம். என் யானை மட்டும் திங்கள் காலையில் துவண்டுபோய் நிற்பாள். மரக் காண்டிராக்டர் ஒருவரின் ஆட்கள் ஞாயிறன்று அவளைப் பிடித்துப் போய்த் தங்கள் மரத்தை இழுக்க வைத்தது பிறகுதான் தெரிந்தது. வார் உரசி மார்பில் புண். இன்னும் ஆழமானால் பிழைக்காது என்றார் மாட்டு டாக்டர்.

போய்க் கேட்டால், "சொன்னா கேக்குது, இழுக்குது. உனக்கு என்ன பாய்?" என்று சிரித்தார்கள். சரி, கேட்காதபடி செய்கிறேன் என்று முடிவு கட்டினேன்.

தினமும் வேலை முடிந்ததும் ஓடையில் பழக்கினேன். காதுக்குப் பின்னால் ஓர் இடத்தை அழுத்திவிட்டுச் சொன்னதைச் செய்தால் வெல்லம். அழுத்தாமல் சொல்லி அவள் அசைந்தால் ஒன்றும் கிடையாது. வெல்லம் கொண்டுவரும் என் மனைவியும் அதைக் கற்றுக்கொண்டாள். மழைக்காலத்துக்கு முன் யானைக்கும் பிடிபட்டது.

அடுத்த ஞாயிறு காண்டிராக்டரின் ஆள் ஒருவன் மேலே ஏறித் தொண்டை வற்றக் கத்தினான். அவள் மூங்கிலை மென்றுகொண்டு நின்றாள். என்னைத் தவிர யார் சொன்னாலும் யானை கேட்பதில்லை என்று ரேஞ்சரிடம் புகார் போனது.

"இது சர்க்கார் யானைப்பா, உன் வீட்டு மாடா? நீ காய்ச்சல்ல படுத்தா யாரு ஓட்டுறது?"

நியாயமான கேள்விதான். "என் சம்சாரத்துக்குத் தெரியும் சார். வேற யாருக்கும் சொல்ல மாட்டேன். வேணும்னா என்னை மெயின்லேண்டுக்கு அனுப்பிடுங்க." அவர் அனுப்பவில்லை.

அவர் வாய் முகூர்த்தம், மழையில் எனக்கு மலேரியா வந்து போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். யானையை ஓடைக்கு ஓட்டிப் போய்ப் புண்ணுக்கு மருந்து வைத்தது என் மனைவிதான். காண்டிராக்டர் புடவையோடு வந்து சூட்சுமத்தைக் கேட்டாராம். "புண்ணு ஆறட்டும், பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டாள்.

நான் திரும்பியபோது புண்ணைப் புதுத்தோல் மூடியிருந்தது. அதே வாரம் காண்டிராக்டர் மறுபடி வாசலில் நின்றார். நான் எழுந்திருப்பதற்குள் என் மனைவியே போனாள்.

"அதான் ஆறிடுச்சேம்மா, இப்ப சொல்லு."

"ஆறிடுச்சுல்ல, அதனாலதான் சொல்ல மாட்டேன்" என்று கதவைச் சாத்தினாள்.