உறைகிணற்றுச் சாடி

கல்யாணமாகி இரண்டே வருடத்தில் தலாக்கோடு காஜிமார் தெரு வீட்டுக்குத் திரும்பி வந்தவள் சாதிகா. தொல்லியல் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, "சட்டி பொறுக்கவும் ஒரு படிப்பாக்கா?" என்று தம்பி இஜாஸ் சிரித்தான். அத்தா ஷேக் தாவூது மட்டும், "அழுதுக்கிட்டு உக்காந்திருக்கிறதுக்கு இது தேவல, படிக்கட்டும்" என்றார். அவள் வேலைக்குப் போவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதற்குள் மவுத்தாகிவிட்டார்.

திருவாதவூரைத் தாண்டி ஒரு மானாவாரிக் காட்டில் அகழாய்வு நடந்தது. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் வெயில் ஏறுமுன் போய்விடலாம். தோண்டி எடுக்கும் பானை ஓடுகளைக் கழுவிக் காயவைத்து, மையால் எண் எழுதிப் பையில் கட்டுவது அவள் வேலை. ஒப்பந்த வேலைதான். ஆனாலும் கையில் ஓடு இருக்கும் நேரத்தில் அவளுக்கு வேறெந்த நினைப்பும் வராது.

ஒரு சித்திரையில் உறைகிணறு ஒன்று தென்பட்டது. சுட்ட மண்வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அந்தக் காலத்தில் இறக்கிய கிணறு. வேலையாட்களில் ஒல்லியான சங்கிலிதான் இடுப்பில் கயிறு கட்டி உள்ளே இறங்கினார். அடியைத் தொட்ட அன்று கீழிருந்து அவர் குரல் வந்தது.

"தாயி, சேத்துக்குள்ள கனமா ஒண்ணு தட்டுப்படுது. உடைஞ்சுதான் கெடக்கு."

கூடையில் மேலே வந்தது, கடல் கடந்து யவனர்கள் மது கொண்டுவந்த சாடி. இரண்டு கைப்பிடி, மது கசியாமலிருக்க உள்ளே கறுப்பாகக் கீல் பூச்சு. துண்டுகளைப் பொருத்தி ஒட்ட அவளுக்கு ஆடி வரை ஆனது. ஒட்டி முடித்த பிறகுதான் கவனித்தாள்: கழுத்தைச் சுற்றிக் கயிறு அறுத்து அறுத்து வழவழப்பான தடம். மது தீர்ந்த சாடியில் இங்கே யாரோ வருடக்கணக்காகத் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள்.

அகழாய்வுக்குப் பொறுப்பாக இருந்த ஹரிராம் அந்தத் தடத்தை வெகுநேரம் தடவிப் பார்த்தார். "இத நீங்களே கட்டுரையா எழுதுங்க சாதிகா. உங்க பேர்லயே வரட்டும்."

அன்று பஸ்ஸில் வரும்போது அவள் யாருக்கும் தெரியாமல் அழுதாள்.

அவள் அதை எழுதி முடிக்கவில்லை. அடுத்த ஆண்டு தோண்ட அனுமதி வரவில்லை. ஹரிராமை வடக்கே மாற்றிவிட்டார்கள். எண் எழுதாத பைகளும், பெட்டியில் வைத்த சாடியும் ஒரு பழைய உரக் கிடங்குக்குப் போயின. சாதிகா சாவிக்கு அலைந்தாள். "அடுத்த மாசம் பாப்பம்மா" என்றே சொல்லி அனுப்பினார்கள். இரண்டு மழைக்காலம் போனது.

ஒருவழியாகக் கதவு திறந்தபோது துணைக்கு வந்தவர் சங்கிலிதான். கூரைத் தகரம் பிய்ந்து கிடந்தது.

"எம்புட்டு நாளு தண்ணி நின்னுச்சோ தாயி..."

தொட்ட பை தொட்ட இடத்தில் கிழிந்தது. ஆழம் குறித்து உள்ளே வைத்த சீட்டெல்லாம் கூழாகியிருந்தது. மேல்மண்ணில் கிடைத்ததும் கிணற்றடியில் கிடைத்ததும் ஒரே குவியல். எந்த ஆழத்தில் கிடந்தது என்று தெரியாத ஓட்டுக்கு வாயில்லை. சாடியின் பசை விட்டு, துண்டு துண்டாக உதிர்ந்திருந்தது. கழுத்தை மட்டும் காணோம். அவள் நாள்கணக்காக அந்தக் குவியலை அளைந்தாள். நகக்கண்ணில் ரத்தம் வந்ததுதான் மிச்சம். போனில் படம் இருந்தது. ஆனால் தேய்ந்த தடத்தைக் கையில் வைத்துப் பார்க்காமல் யார் ஒப்புவார்கள்?

புதிதாக வந்த அதிகாரி கெட்டவரில்லை. "நிலத்துக்காரங்க உழணுங்கிறாங்க. நம்பர் இல்லாத ஓடுகளையெல்லாம் தோண்டுன குழியிலயே கொட்டி மூடிருங்க" என்றார். வழக்கமாகச் செய்வதுதான்.

கிடங்கிலிருந்த ஓடுகளை ஏற்றிக்கொண்டு டிராக்டர் குழியோரம் வந்து நின்றது. "நீ பாக்காத தாயி. பஸ்ஸுக்குப் போ" என்றார் சங்கிலி. அவள் போகவில்லை. கூடை கூடையாக ஓடுகள் சரிந்து விழும் சத்தத்தைக் கடைசிவரை நின்று கேட்டாள்.

வடக்கிலிருந்து திரும்பியிருந்த ஹரிராம் சில மாதம் கழித்து போன் செய்தார். வைகைக் கரையில் வேறோர் இடம், வருகிறீர்களா என்று.

"வரல சார்."

"ஏன்மா?"

"இன்னொண்ண ஒட்டி வச்சுட்டு அதுவும் போறதப் பாக்க எனக்குத் தெம்பில்ல சார்."



இப்போது விளக்குத்தூண் பக்கம் இஜாஸின் துணிக்கடையில் கல்லாவில் உட்கார்கிறாள். வீட்டில் யாரும் அவளைக் கேலி செய்வதில்லை. அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அது கேலியைவிட மோசமாக இருக்கிறது. போன தையில் பேத்திக்குப் பாவாடை எடுக்கச் சங்கிலி வந்தார். அந்தக் காட்டில் சோளம் போட்டிருக்கிறார்களாம், ஆள் உயரத்துக்கு நிற்கிறதாம். அவள் தலையாட்டிக்கொண்டே பாவாடையை மடித்துப் பையில் போட்டாள். அவருக்கு ஒரு டீ வரவழைத்தாள். குடித்து முடிக்கும்வரை இரண்டு பேரும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.