மிலாறு கிடைக்காத மார்கழி

தேயிலை பேக்டரியில் அடுப்புக்கு விறகு போடுவது என் வேலை. கொழுந்து காய வேண்டுமென்றால் அந்த அடுப்பு அணையக் கூடாது. கட்டை கட்டையாக அதன் வாய்க்குள் தள்ளிக்கொண்டே இருப்பேன். வேர்த்துச் சட்டையைப் பிழிந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், வீடு ஈரத்துணி மாதிரிக் குளிர்ந்து கிடக்கும். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆறவில்லை.

எங்களுடையது போனக்காட்டு மலைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னத் தோட்டம். திருவனந்தபுரத்துக்காரர்களிடம் குளிர் என்று சொன்னால் சிரிப்பார்கள். கிழக்கேகோட்டையில் மார்கழியிலும் ஃபேன் போட்டுத் தூங்குகிறவர்கள் அவர்கள். மேலே எங்கள் லயத்து வரிசை வீடுகளில் விடியற்காலையில் தகரக் கூரை சொட்டும், சுவரில் ஈரம் ஏறும். அடுப்பு எரிந்தால்தான் அது வீடு.

அந்த அடுப்புக்கு எங்களுக்கு இருந்தது மிலாறு. தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது விழுகிற குச்சிக்கும் கிளைக்கும் அப்படிப் பேர். என் அப்பா காலத்திலிருந்தே, கவாத்து முடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் போய்க் கட்டித் தூக்கி வருவோம். யாரும் காசு கேட்டதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் புதிதாக வந்த மானேஜர் அதை நிறுத்தினார். மொத்த மிலாற்றையும் கீழே உள்ள ஒரு கண்டிராக்டருக்கு விற்றுவிட்டார். இனி விறகு வேண்டுமென்றால் அவனிடம் விலைக்கு வாங்க வேண்டும். காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். காட்டில் போய்ப் பொறுக்கினால் பாரஸ்ட் கார்டு கத்தியைப் பிடுங்கிக்கொள்வான்.

அந்த வருஷம்தான் என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். கார்த்திகையில் பெண் பிறந்தது. எடை குறைவு. சூடாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லி அனுப்பினார். எதைக் கொண்டு என்று சொல்லவில்லை.

சம்பளத்தில் பாதி விறகுக்கே போனது. அப்படி வாங்கியதும் பச்சைக் கட்டை. எரிந்ததைவிடப் புகைந்ததுதான் அதிகம். பழைய தேயிலைப் பெட்டிகளை உடைத்து எரித்தோம். கோழிக்கூட்டை உடைத்து எரித்தோம். கோழி அடுக்களைக்குள் வந்து படுத்துக்கொண்டது. ஒரு நாள் காலையில் பார்த்தால் குழந்தையின் பாதம் நீலமாக இருந்தது. என் மனைவி அதைத் தன் வயிற்றோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"பகல் பூரா மெஷினுக்கு ஊட்டிட்டு வாறீங்க. இங்க பிள்ளைக்கு வெந்நி வைக்க ஒரு சுள்ளி இல்ல."

"அதுல ஒரு கட்டைய எடுத்தா வேல போயிரும்."

"அத எடுக்கச் சொல்லல. கோயில்ல கெடக்கே நம்ம பலாக்கட்ட, அதக் கேளுங்க."

தை மாதம் எங்கள் மாரியம்மன் கோயிலில் பூக்குழி இறங்குவோம். அந்த நெருப்புக்கு ஒவ்வொரு வீடும் தன் விறகில் நல்லதாக ஒன்றை ஐப்பசியிலேயே கொடுத்துவிட வேண்டும். வீட்டு விறகுதான் ஆகும், வேறு விறகு அம்மனுக்கு ஆகாது என்பது முறை. நான் காப்புக் கட்டி நெருப்பில் இறங்குகிறவன். அதனால் வீட்டுக்குப் பின்னால் விழுந்த பலாமரத்தின் அடிக்கட்டையையே கொடுத்திருந்தேன். மிலாறு நிற்கப்போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

கோயில் தலைவரிடம் போனேன். தோட்டத்தில் சூப்பர்வைசரும் அவர்தான்.

"என்னடே, அம்மனுக்குக் குடுத்தத திருப்பிக் கேக்க? நாக்கு கூசல?"

"பச்சப்பிள்ள அண்ணாச்சி. கால் நீலிச்சுப் போவுது."

"ஒன் வீட்டுல தீட்டே இன்னும் கழியல. அம்மன் வெறகு தீட்டு வீட்டு அடுப்புல எரியலாமா? நீயே சொல்லு."

அம்மன் காரியத்தில் எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

"அம்மனா சொன்னா, அவரா சொன்னாரு?" என்று மட்டும் கேட்டாள் என் மனைவி.

திருவிழா நெருங்கியதும் கோயில் முன்னால் ஒரு லாரி வந்து நின்றது. நிறைய விறகு, நன்றாகக் காய்ந்தது. மானேஜரின் காணிக்கை என்று தலைவர் மைக்கில் திரும்பத் திரும்பச் சொன்னார். இறக்குவதற்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு கட்டையும் என் பேத்தியைவிடக் கனம்.

"அண்ணாச்சி, வீட்டு வெறகுதானே ஆகும்?" என்றேன்.

"அது நமக்குடே. பெரிய ஆள் குடுக்கத வேண்டாம்னு சொல்ல முடியுமா?"

அன்றைக்குச் சன்னிதியில் நான் கும்பிடவில்லை. தாயே, உனக்கென்ன குளிரா என்று கேட்டேன். எனக்கு அழுகை வரவில்லை, பல்தான் நறநறவென்றது.

ஆனாலும் தீட்டுக் கழிந்து கட்டிய காப்பை அவிழ்க்க மனம் வரவில்லை. திருவிழா அன்று பொழுது சாயும் நேரம் எல்லோரோடும் நெருப்பில் இறங்கி நடந்தேன். கடைசி ஆளும் ஏறியதும் குழியைக் குளிர்விக்கத் தலைவர் பால்குடத்தோடு வந்தார். ஈர வேட்டியோடு போய் அவர் முன்னால் நின்றுகொண்டேன்.

"ஊத்தாதீங்க."

"மாறுடே. இது மொறை."

"மொறையத்தான் லாரியில ஏத்திக் கொண்டாந்து எறக்கியாச்சே, அண்ணாச்சி," என்று எனக்குப் பின்னாலிருந்து என் மனைவி சொன்னாள். அவள் கையில் இரும்புச் சட்டியும் கரண்டியும் இருந்தன. யாரோ சிரித்தார்கள்.

நாற்காலியில் இருந்த மானேஜர், அங்கே என்ன என்று மலையாளத்தில் அதட்டிக்கொண்டு எழுந்தார். "எந்தா அவிடெ?"

"கங்கு எடுக்கோம் சார்," என்றேன். "சார் அம்மனுக்குக் குடுத்தாச்சு. இப்ப அம்மன் எங்களுக்குக் குடுக்கா. சம்பளத்துல பிடிக்க மாட்டா."

அவர் சுற்றிலும் பார்த்தார். மற்றப் பெண்களும் லயத்துக்கு ஓடிச் சட்டியோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அத்தனை சனத்துக்கு முன்னால் அம்மன் நெருப்பைத் தன் விறகு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தலைவர் குடத்தைக் கீழே வைத்தார்.

அன்று ராத்திரி வீட்டில், மூச்சு முட்டாமலிருக்கக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, கங்குச் சட்டியைக் கட்டிலிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தோம். குழந்தை குறுக்கியிருந்த காலை நீட்டிப் படுத்தது. காலையில் சட்டியில் சாம்பல்தான் இருந்தது. மறுபடியும் கண்டிராக்டரிடம் போனோம். அதே பச்சைக் கட்டை, அதே விலை. பங்குனி வெயில் வரும்வரை அப்படித்தான் ஓட்டினோம்.

பேத்தி பிழைத்துக்கொண்டாள். அம்மன் காப்பாற்றினாள் என்றுதான் நான் சொல்வேன். மானேஜர் தந்த விறகால் பிழைத்த பிள்ளை என்று எங்கள் லயத்திலேயே ஒருவன் சொன்னான். அவனோடு நான் பேசுவதில்லை.