மொட்டை மாடியில் நீராவி மின்சாரம்

இன்றைய மின்வெட்டில், எங்கள் வெள்ளவத்தை பிளாட்டின் மொட்டை மாடியில், அண்ணா விறகில் கொதிக்கும் ஒரு கொதிகலனின் நீராவியால் பழைய தண்ணீர்ப் பம்பின் என்ஜினை ஓட்டி, ஒரு டைனமோவைச் சுழற்றினான். பல்ப் எரிந்தது. அயலவர்கள் போன் சார்ஜர்களுடன் ஏறி வந்துவிட்டார்கள்.

கொதிகலனின் பாதுகாப்பு வால்வு சீறத் தொடங்கியது.

"ஆவி எல்லாம் வீணாப் போகுது தம்பி" என்று கீழ்வீட்டு அங்கிள் அதன்மேல் ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்தார். பல்ப் முன்னைவிடப் பிரகாசமாக எரிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். குனிந்து டைனமோவைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணா கவனிக்கவில்லை.

அழுத்தமானியின் முள் சிவப்புக்குள் போனது.

"கல்லை எடுங்கோ அங்கிள், வெடிக்கப் போகுது!" என்று கத்தினேன்.

"சும்மா பயப்பிடாதை பிள்ளை."

விறகுக் கட்டையால் செங்கல்லை நானே தட்டிவிட்டேன். ஆவி அலறிக்கொண்டு வெளியேறியது. பல்ப் அணைந்தது.

"என்ர போன் பாதிதான் ஏறினது" என்றார் அங்கிள், உண்மையான கோபத்துடன்.

நாளைக்கும் ஓட்டுவானாம் அண்ணா. அந்த நேரம் அங்கிள் மாடிப் பக்கம் வராமல் இருக்க, அவரை எந்த நீளமான கியூவுக்கு அனுப்பலாம், சமையல் காஸுக்கா, மண்ணெண்ணெய்க்கா?