எதிர்வீட்டில் வளைகாப்பு

தங்கைக்கு எங்கள் வீட்டில் வளைகாப்பு வைத்த வாரம் பார்த்து எனக்கு அம்மை போட்டது. தொண்ணூறுகளின் நடுவில், மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. எங்கள் தாய் போன பிறகு அவளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பி, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கட்டிக்கொடுத்தவள் நான். அவள் கையில் முதல் வளையலை நான்தான் போடவேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருப்பேன்! பிள்ளைத்தாய்ச்சியை அந்த வாசல் பக்கமே விடாதீர்கள் என்று டாக்டர் ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

கதவில் வேப்பிலையைச் செருகிய கையோடு என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டினார். "இப்போ வேண்டாம்னு உன் தங்கச்சி வீட்டுல சொல்லிட்டு வந்துடறேன்."

"போனீங்கன்னா அங்கயே இருந்துக்கோங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி ஜன்னலிலிருந்து கத்தினேன்.

எதிர்வீட்டு அம்மா தன் மாடி ஜன்னலுக்கு ஓடிவந்தார். கன்னடக்காரர். எங்களோடு பழகிப் பழகித் தமிழைத் தன் இஷ்டத்துக்குப் பேசுவார். விஷயத்தைச் சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அய்யோ, அதுக்கு யாக்கே அழறே? நம்ம மனேல வெச்சுக்கலாம் பிடு. நீ அங்கேருந்தே நோடு," என்றார். வளைகாப்பை அவர் வீட்டில் வைப்பதாம், நான் என் ஜன்னலிலிருந்தே பார்ப்பதாம். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓர் ஆட்டோ போகும் அகலம்தான் இருந்தது.

சொன்னபடியே தங்கையைத் தன் ஜன்னலோரம், என்னைப் பார்க்க உட்காரவைத்தார். நானும் தலை சீவாத கோலத்தில் என் ஜன்னலில் உட்கார்ந்துகொண்டேன். அப்புறம் யார் என்னை அடக்க முடியும்?

"சந்தனத்தை அப்படி அப்பாதீங்க, சளி பிடிச்சுக்கும்! ஏங்க, அங்க நின்னு வேடிக்கை பார்க்கறதுக்கா உங்களை அனுப்பினேன்? வந்தவங்களுக்குப் புளிசாதம் போடுங்க!"

கீழே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒருவர், "யாருக்கு சீமந்தா?" என்று கேட்டார். அவருக்கும் கத்தித்தான் பதில் சொன்னேன். அங்கே எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

எதிர்வீட்டு அம்மா முதல் வளையலை எடுத்தார். போட்டுவிடாமல் என்னை நோக்கித் தூக்கிக் காட்டினார். "என் கையை உன் கைன்னு நினைச்சுக்கோ. நீ சொல்லு, நான் போடறேன்."

அந்தப் பச்சைக் கண்ணாடி வளையலை அவள் கையில் ஏற்ற நான் இல்லையே! தலையை மட்டும் ஆட்டினேன். வளையல் ஏறியது. மற்ற பெண்களும் ஆளுக்கு இரண்டாகப் போட்டார்கள். நான் வாயே திறக்கவில்லை.

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்கட்டும் என்று அவர்கள் சொல்ல, தங்கை இரண்டு கையையும் குலுக்கினாள். பிறகு வயிற்றில் கைவைத்து ஏதோ யோசித்தாள். சட்டென்று எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஏன் நிறுத்திட்டே? நீ கத்தறப்போ எல்லாம் உள்ள உதைச்சுது. இவ்வளவு வளையல் குலுக்கறேன், அசையவே மாட்டேங்குது. ஏதாவது திட்டுக்கா!"

நாள் முழுக்கத் திட்டுகிறவள் நான். அன்றைக்கென்று பார்த்து ஒரு வார்த்தை வரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டினேன்.

"எழுந்து ஏன்டி நிக்கறே, எருமை! உட்காருடி!"

"உதைச்சுது!" என்று கத்தினாள் அவள்.