வாசலோடு அனுப்பும் இங்கிலீஷ்

கொடைக்கானலில் ஒருவரை வெளியே தள்ளுவதற்குக் கையை நீட்ட வேண்டியதில்லை. நல்ல இங்கிலீஷ் போதும். ஏழு ரோட்டுக்குப் பக்கத்தில் பதினெட்டு வருடமாகத் தையல்கடை வைத்திருக்கிறேன். பட்டணத்திலிருந்து வந்து மலையில் பங்களா வாங்கிக் குடியேறியவர்களுக்குத் திரைச்சீலையும் மெத்தையுறையும் தைத்துக் கொடுத்துத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. சிஸ்டர்மார் பள்ளிக்கூடத்து விடுதியில் தங்கிப் படித்தவள் என்பதால் அவர்கள் பேசுவது எனக்குப் புரியும். என் தலையெழுத்தே அதுதான். புரியாதவர்கள் சிரித்த முகத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சேர்கிறார்கள்.

'யூ மஸ்ட் பி ஸோ பிஸி' என்று ஒருத்தி சொன்னால் நீ வராதே என்று அர்த்தம். 'இட்ஸ் ஜஸ்ட் எ ஸ்மால் திங்' என்றால் ஊரையே கூப்பிட்டிருக்கிறார்கள், உன்னை மட்டும் கூப்பிடவில்லை. 'வீ டிடின்ட் வான்ட் டு டிரபிள் யூ' என்பது எல்லாம் முடிந்து, கேக் தின்ற தட்டையும் கழுவி வைத்த பிறகு சொல்வது. எதிலும் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. இதே மலையில் உள்ளே தள்ளியிருக்கிற என் பிறந்த ஊரான போளூரில் ஒருத்தரைப் பிடிக்கவில்லை என்றால் 'எந்திரிச்சுப் போ' என்பார்கள். நாமும் திருப்பி நாலு கேட்கலாம், மண்ணை வாரித் தூற்றலாம், அடுத்த கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்காரவும் செய்யலாம். 'ஸோ ஸ்வீட் ஆஃப் யூ' என்று சொன்னவளிடம் என்னவென்று சண்டைக்குப் போவது? போனால் பைத்தியக்காரி நான்தான்.

இத்தனை தெரிந்த நானே ஏமாந்தேன்.

குடியேறியவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பங்களாவின் புல்வெளியில் சந்தை போடுகிறார்கள். ரொட்டி, ஜாம், சோப்பு, மெழுகுவத்தி என்று அவர்களே செய்ததை அவர்களே விற்று அவர்களே வாங்கிக்கொள்வார்கள். சந்தையை நடத்துகிற மேடத்துக்குத் துணிப்பைகள் தைத்துக் கொடுத்தது நான். அந்தச் சந்தைப் படங்களைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் போளூரிலிருந்து வந்திருந்த என் அக்கா எட்டிப் பார்த்தாள். ஒரு மேசையில் சணல் பையில் பூண்டு. மேலே அழகான சீட்டில் கொடைக்கானல் மலைப்பூண்டு என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

"இது நம்ம பூண்டே இல்லையேடி. பல்லப் பாரு, எம்புட்டுப் பெருசா வெள்ளவெளேர்னு கெடக்கு. கீழ சந்தையில வாங்கிட்டு வந்து வச்சிருக்காங்க" என்றாள்.

அக்கா பன்னிரண்டு வயதில் பூண்டு நட ஆரம்பித்தவள். பிடுங்கி, கட்டுக் கட்டி, வீட்டுக்குள்ளே புகை மூட்டத்தில் தொங்கவிட்டு, அந்தப் புகையில் அவள் கண்ணும் கெட்டுப்போனது. ஆனால் ஒரு நாள்கூட அவள் தன் கையால் விற்றதில்லை. வியாபாரி ஜீப்பில் வந்து மூட்டையாக அள்ளிக்கொண்டு போய்விடுவார். தின்கிறவர் முகம் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"ஒரே ஒரு நா நானும் அங்க ஒக்காரணும். இதுதாம்மா மலைப்பூண்டுன்னு எங்கையால எடுத்துக் குடுக்கணும். நீ அந்தம்மாகிட்டக் கேளேன்" என்றாள். அக்கா என்னிடம் எதுவும் கேட்கிறவள் இல்லை.

மேடத்திடம் கேட்டேன். அவர் இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு, 'வாட் எ லவ்லி ஐடியா! வீ வில் கீப் யூ இன் மைண்ட்' என்றார். மனசில் வைத்துக்கொள்கிறேன் என்று தமிழில் இரண்டு இடத்தில்தான் சொல்வோம். செய்த உதவியை மறக்க மாட்டேன் என்பதற்கு ஒன்று. செய்த துரோகத்தை மறக்க மாட்டேன் என்பதற்கு இன்னொன்று. எப்படி இருந்தாலும் மறப்பதில்லை. இங்கிலீஷில் அதற்கு, நீ படியிறங்கியதும் மறந்துவிடுவேன் என்று அர்த்தம். எனக்கு அது தெரியாதா? தெரியும். அக்காவுக்காக ஆசைப்பட்டேன், ஆசை அறிவைத் தின்றுவிட்டது. கடைக்கு வந்ததும் போன் போட்டு, "மனசுல வச்சிருக்காங்களாம்க்கா" என்றேன். அக்காவைப் பொறுத்தவரை அது கொடுத்த வாக்கு. நாள் மட்டும் கேட்டுக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள். கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற பச்சைச் சேலை. சாக்கு நிறையப் புகையேறிப் பழுத்த பூண்டுக் கட்டுகள். கட்டு எதுவும் குலையாமல் வர வேண்டும் என்று பஸ்ஸில் வழி நெடுக மடியிலேயே வைத்திருந்தாளாம். அவளைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நேரில் போய் நின்றால் எந்த மனுஷியால் முடியாது என்று சொல்ல முடியும் என்று நினைத்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

மேடத்தால் முடிந்தது. பங்களா கேட்டுக்கு வெளியே வந்து, அக்காவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி மெல்லிய குரலில் பேசினார். இந்தத் தடவை கொஞ்சம் இன்டிமேட்டாக, நெருங்கியவர்களுக்குள் மட்டும் வைத்திருக்கிறார்களாம். பூண்டு அருமையாக இருக்கிறதாம். ஆனால் 'மே பி நாட் தி ரைட் ஃபிட்' ஆம். தையல்காரியிடம் வந்து ஃபிட் சரியில்லை என்கிறார். துணி இறுக்கிப் பிடித்தால் நாங்கள் தையலைப் பிரித்து விட்டுத்தான் தைப்போம், போட வந்த ஆளைத் துரத்துவதில்லை. இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது.

அதற்குள் அவர் என் முழங்கையைத் தொட்டு, 'பட் யூ கம் இன், டியர். யூ ஆர் ஒன் ஆஃப் அஸ்' என்றார். நாலைந்து பைகளுக்குக் கைப்பிடி அறுந்திருந்ததாம்.

கைப்பிடிக்காகத்தான் கூப்பிடுகிறார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் உச்சி குளிர்ந்தது. ஒன் ஆஃப் அஸ். பதினெட்டு வருடத்தில் இந்த மூன்று சொல்லை ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை. உள்ளே கிட்டார் சத்தம், காபி வாசம். அந்த நிமிஷம் என் மேல் எனக்கு வந்த வெறுப்பு இந்த மலையில் வேறு யார் மேலும் வந்ததில்லை. வெறுத்துக்கொண்டேதான் மேடத்தைப் பார்த்துச் சிரித்தேன்.

"என்னடி சொல்லுது அந்தம்மா?" என்று அக்கா கேட்டாள். சாக்கை இறக்கிக் காலடியில் வைத்திருந்தாள்.

வேண்டாங்குறாங்க என்று ஒரே சொல்லில் சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு அவளோடு நடந்திருக்கலாம். மேடம் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டே சொன்னேன்: "ஒண்ணுமில்லக்கா. இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி. நீங்க ஏன் இந்தக் குளிர்ல நின்னு சிரமப்படணும்? கடையில போயி ரெஸ்ட் எடுங்க. நான் பேசிட்டுச் சொல்லியனுப்புறேங்க்கா."

அக்கா என் முகத்தையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். யாரோ ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"அந்தம்மா பேசுனது எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றாள். "பொறந்ததுலருந்து என்னைய நீ, வா, போன்னு சொன்னவ, இப்ப நீங்கன்னு சொன்ன பாரு. அது வெளங்கிருச்சு."

சாக்கைத் தலைக்கு ஏற்ற இன்னொரு கை வேண்டும். நான் குனிந்தேன். அவள் என்னைத் தாண்டி கேட்டில் நின்ற வாட்ச்மேனிடம், "அண்ணே, செத்த இதத் தூக்கி விடுங்க" என்றாள். அவர் தூக்கி விட்டார். அக்கா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இறங்கி நடந்தாள்.

நான் உள்ளே போனேன்.