ஒரே வாருக்குள் இரண்டு தலை

தயாபரன் கத்தாரிலிருந்து பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்த அன்று, அவனுடைய லயத்து வீட்டுக்கு முன்னால் பாதித் தோட்டம் நின்றது. வெளிநாடு போய் வருகிறவர்கள் பெட்டி திறப்பதைப் பார்க்க ஆட்கள் வருவது அங்கே வழக்கம். பெட்டிக்குள் போர்வைகள், வாசனைச் சவர்க்காரம், பால்மா, மனைவி மதுஷாவுக்கு ஒரு கைக்கடிகாரம் எல்லாம் இருந்தன. கடைசிப் போர்வையைப் பிரித்ததும் ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. அதன் முகத்தில் இரண்டு சின்னக் குச்சிகள், தலையில் ஒரு குட்டி ஏரியல், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு வார்.

"டீவி எங்க மாப்ள?" என்று கேட்டார் மாமனார்.

"டீவி இல்ல மாமா. இது ரிமோட்."

டீவி வராமல் ரிமோட் மட்டும் வந்த வீடு என்று அந்த வீட்டுக்குக் கொஞ்ச காலம் பெயர் இருந்தது.

கத்தாரில் அவனுக்கு ஒரு பெரிய பங்களாத் தோட்டத்தில் தண்ணீர் விடும் வேலை. வெள்ளிக்கிழமை லீவு. நகரத்துக்கு வெளியே வெட்டவெளியில், லீவு நாட்களில் பல தேசத்து ஆட்கள் கூடி மாதிரி விமானம் பறக்கவிடுவார்கள். தயாபரன் முதலில் தூரத்தில் நின்று பார்த்தான். பிறகு பக்கத்தில் நின்று பார்த்தான். ஒருநாள் ஒருவர் தன்னுடைய விமானத்தைக் கொடுத்து எறியச் சொன்னார். அடியில் உருளும் சில்லு இல்லாத விமானத்தைக் கையால்தான் எறிய வேண்டும். காற்றுக்கு எதிராக, மூக்கைத் தூக்காமல், சாய்க்காமல், நேராகத் தள்ளிவிட வேண்டும். அவன் எறிந்தது நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு எல்லோரும் அவனிடமே கொடுத்தார்கள். அங்கிருந்த காலம் முழுவதும் அவன் மற்றவர்களுடைய விமானங்களை எறிந்தான். ஒன்றைக்கூட ஓட்டவில்லை. ஓட்டுகிறாயா என்று யாரும் கேட்கவில்லை. ஓட்டட்டுமா என்று அவனும் கேட்கவில்லை.

ஊருக்குக் கிளம்பும் சமயத்தில், அவர்களில் ஒருவர் புது ரிமோட் வாங்கிவிட்டு, பழையதை ஒரு மோட்டாரோடும் பேட்டரியோடும் வாலைத் திருப்பும் சின்ன மோட்டார்களோடும் சேர்த்து அவனுக்குக் கொடுத்துவிட்டார். விமானத்தைக் கொடுக்கவில்லை. அதை நாமே கட்டிக்கொள்ளலாம் என்று தயாபரன் நினைத்தான்.

ஊரில் ஆட்டோ ஓட்டத் தொடங்கினான். பூனாகலையிலிருந்து பண்டாரவளைக்கு ஆள் ஏற்றிப் போனால், திரும்பும்போது மார்க்கெட்டில் மீன் கடை வைத்திருந்த ஜஸீல் நானாவிடம் நிற்பான். மீன் வந்து இறங்கும், நுரைபோல் கனமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டிகள் கடைக்குப் பின்னால் குவிந்து கிடக்கும்.

"எதுக்கு தம்பி இந்தப் பெட்டி?"

"ப்ளேன் கட்ட, நானா."

"நல்லம். மீன் எடுக்கல்லயா?"

ஆட்டோ பேட்டரியில் கம்பியைச் சூடாக்கி ரெஜிபோமை வெட்டினான். இறக்கையின் மேல்பக்கத்தை லேசாக வளைத்து இழைத்தான். இரண்டு பாதிகளையும் நுனிகள் சற்று மேலே பார்க்கும்படி சேர்த்து ஒட்டினான். அப்படி ஒட்டினால் ஒரு பக்கம் சாய்ந்தாலும் அதுவாகவே நிமிர்ந்துகொள்ளும். பழகுகிறவர்களுக்கு அந்த மாதிரிதான் கட்ட வேண்டும். உடம்பை ரெஜிபோமில் செய்து, பெட்டி ஒட்டும் டேப்பால் சுற்றினான். வாலை அசைக்க மெல்லிய உறுதியான கம்பி தேவைப்பட்டது.

"என்னங்க, என் குடை எங்க?" என்று மழை நாளில் மதுஷா கேட்டாள்.

"வாலுல இருக்கு."

மதுஷா தலையில் ஒரு பையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். அவள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தாள். அம்மாமார் கொழுந்தெடுக்க மலைக்குப் போனதும், அவர்களுடைய பிள்ளைகளை வைத்துச் சோறூட்டி, தூங்கவைத்து, பாட்டுச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. விமானத்தில் அவளுக்கு அக்கறை இருக்கவில்லை. விரோதமும் இருக்கவில்லை, குடையைத் தவிர.

விமானத்தை இரண்டு விரல் நுனியில் இறக்கைக்கடியில் தாங்கிப் பார்த்தான் தயாபரன். வால் பக்கம் தாழ்ந்தது. பேட்டரியை முன்னுக்குத் தள்ளினான். மூக்குக்குள் ஆட்டோவின் பழைய நட்டு சிலதைப் போட்டான். நேராக நின்றது. மலைநாட்டில் அது ஒன்றுதான் நேராக நிற்க வேண்டிய சாமான் போலும். மற்ற எல்லாம் சரிவிலேயே இருந்து பழகிவிட்டன. விமானத்துக்கான பேட்டரியையும் ஆட்டோவிலிருந்தே சார்ஜ் ஏற்றினான். லயத்துக் கரண்டை அவன் நம்பவில்லை. அதனால் சில நாட்களில் விமானம் பறக்கத் தயாராக இருந்தது, ஆட்டோ கிளம்பவில்லை.

தோட்டத்தில் சமமான இடம் என்றால் விளையாட்டு மைதானம்தான். ஒரு பக்கம் கொழுந்து அரைக்கும் ஸ்டோருக்குப் போகும் பாதை, மறுபக்கம் நேரே தேயிலைச் சரிவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தயாபரன் ரிமோட்டை மாட்டிக்கொண்டு, தன்னுடைய விமானத்தைத் தானே எறிந்தான். அது அழகாகப் போனது. மைதானத்தின் கடைசி வரை போனது. அவன் அதைத் திருப்பினான். திரும்பி அவனை நோக்கி வந்தது. வந்து, திடீரென்று சரிந்து, தேயிலைக்குள் விழுந்தது. மீன் வாசத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தவை காகங்கள்.

அடுத்ததும் அப்படியே விழுந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. போகும்போது ஒரு குறையும் இல்லை. விமானம் நம்மை விட்டுப் போகும்போது அதன் இடது நம்முடைய இடது. நம்மை நோக்கி வரும்போது அதன் இடது நம்முடைய வலது. இது தயாபரனுக்குத் தெரியும். யார் கேட்டாலும் மண்ணில் படம் கீறி விளக்குவான். ஆனால் தெரிந்தது கைக்குப் போய்ச் சேருவதற்குள் விமானம் தேயிலைக்குள் போய்ச் சேர்ந்துவிடும். மைதானத்துக்கு அவன் போவதைப் பார்த்தால், "இன்னைக்கு எந்த மலையில விழும்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கேலிக்கு இல்லை. அந்த மலையில் கொழுந்தெடுப்பவர்களுக்குச் சொல்லிவைக்கத்தான்.

பிறகு ஒருநாள் மோட்டாரைச் சோதிக்கும்போது, சுற்றிக்கொண்டிருந்த விசிறி அவனுடைய வலது கட்டைவிரலைக் கிழித்தது. தையல் போட்டுப் பெரிய கட்டாகக் கட்டிவிட்டார்கள். தயாபரன் இடது கைக்காரன். எறியலாம். ரிமோட்டின் வலது குச்சியைத்தான் பிடிக்க முடியாது.

"நீ கொஞ்சம் வந்து ரிமோட்டப் புடி," என்றான் மதுஷாவிடம். "நான் சொல்லச் சொல்ல ஆட்டுனாப் போதும்."

"துணி காயப்போட்டுட்டு வாறேன்."

அவன் எறிந்துவிட்டு அவளிடம் ஓடி வந்தான். விமானம் தூரத்தில் போய், அவள் குச்சியைத் தொட்டதும் திரும்பியது. திரும்பி நேரே வந்தது.

"இடது! இடது! இல்ல, வலது! அதோட இடது, நம்ம வலது!"

"கொஞ்சம் பேசாம இருங்க," என்றாள் மதுஷா.

விமானம் தலைக்கு மேலாக வந்து, திரும்பி, மறுபடி போய், மறுபடி வந்தது. இன்னும் ஒரு சுற்று. பிறகு அவன் சொன்னபடி மோட்டாரைக் குறைத்தாள். புல்லில் சறுக்கிக்கொண்டு போய் நின்றது. எதுவும் உடையவில்லை. தயாபரன் போய் அதைத் தூக்கி எல்லாப் பக்கமும் பார்த்தான்.

"எப்படி செஞ்ச?"

"புள்ளைங்களுக்கு எதுக்க நின்னுதானே பாட்டு சொல்லிக் குடுக்கிறேன். வலது கையத் தூக்குங்கன்னு சொல்லிட்டு நான் இடது கையத் தூக்கணும். அப்பதான் அதுங்க சரியாத் தூக்கும். சட்டை பட்டன் போடுறது, தலை சீவுறது, எல்லாம் அப்படித்தானே. எத்தன வருசமாச் செய்றேன்."

தயாபரன் தலையை ஆட்டினான். நல்லா ஓட்டினாய் என்றும் சொன்னான். அவனுக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கத்தாரில் வெயிலில் நின்று நின்று அவன் ஆசைப்பட்டது ஒன்று. அது துணி காயப்போட்டுவிட்டு வந்த ஒருத்திக்கு முதல் நாளே கைகூடிவிட்டது. அடுத்து வந்த ஞாயிறுகளில் காற்று சரியில்லை என்றான். காற்று சரியாகவே இருந்தது. மதுஷாவுக்கும் அது தெரிந்திருந்தது. விமானத்தை அலுமாரிக்கு மேலே வைத்துத் துணியால் மூடினான். அவள் தூசி தட்டும்போது துணியை எடுத்து உதறிவிட்டு, அப்படியே மூடிவைத்தாள்.

சித்திரை வருசப் பிறப்பு வந்தது. மைதானத்தில் விளையாட்டுப் போட்டி நடத்தும் இளைஞர்கள் தயாபரனிடம் வந்து, நிகழ்ச்சியில் விமானத்தையும் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். அவன் விரல் ஆறியிருந்தது. சரி என்றான். சொல்லிவிட்டுத்தான் வீட்டில் சொன்னான்.

"நானே ஓட்டுறேன்."

"ஓட்டுங்க," என்றாள் மதுஷா.

அந்த வாரம் முழுவதும், ஆட்டோ ஸ்டாண்டில் ஆளில்லாத நேரத்தில், காற்றில் இரண்டு கட்டைவிரல்களையும் ஆட்டிக்கொண்டிருந்தான். பக்கத்து ஆட்டோக்காரர்கள் அதை மந்திரம் என்று நினைத்துப் பேசாமல் விட்டார்கள்.

கண்ணைக் கட்டிக்கொண்டு யானைப் படத்துக்குக் கண் வைக்கும் போட்டி முடிந்து, கயிறிழுத்தலுக்கு முன்னால், ஒலிபெருக்கியில் தயாபரனின் பெயரைச் சொன்னார்கள். தோட்டத்தை நடத்தும் பெரிய தொரை முன்வரிசைக் கதிரையிலிருந்து எழுந்து வந்து விமானத்தைப் பார்த்தார்.

"கேமரா இருக்கா?"

"இல்லீங்க."

"ஆளுங்களுக்கு மேல விடாத."

சனத்தை ஒரு பக்கமாக ஒதுக்கினார்கள். தயாபரன் புதுச் சட்டையில், தோளில் போட்ட புதுச் சால்வையில், ரிமோட்டை மாட்டிக்கொண்டு நின்றான். மதுஷா எறிந்தாள். அவளுக்கு எறிய வராது. விமானம் மூக்கைத் தரைக்குக் குத்தியது. அவன் சட்டென்று தூக்கிவிட்டான். மைதானமே கைதட்டியது. போகும் திசையில் அது பிரமாதமாகப் போனது. தயாபரன் அதைத் திருப்பினான்.

திரும்பியதும் அவன் கை நின்றுவிட்டது. விமானம் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே சனம் நின்ற பக்கத்தைப் பார்த்து வந்தது.

"வலது," என்றாள் மதுஷா, பக்கத்தில் வந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

அவன் இடது பக்கம் தள்ளினான். விமானம் இன்னும் சாய்ந்தது. முன்வரிசைக் கதிரைகள் நகரும் சத்தம் கேட்டது.

"நீ புடி," என்றான் தயாபரன்.

அவளால் பிடிக்க முடியவில்லை. வார் சட்டைக் காலரிலும் சால்வையிலும் சிக்கிக்கொண்டு தலைக்கு மேலே வரவில்லை. மதுஷா யோசிக்கவில்லை. குனிந்து அந்த வாருக்குள் தன்னுடைய தலையையும் நுழைத்து, அவன் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நின்று, இரண்டு குச்சிகளையும் பிடித்தாள். விமானம் நிமிர்ந்தது. மைதானத்து ஓரத்துச் சவுக்கு மரத்தைத் தாண்டி மேலே ஏறியது.

பெரிய தொரையும் முழுத் தோட்டமும் பார்த்திருக்க, புருசனும் பெண்சாதியும் ஒரே வாருக்குள் கன்னம் ஒட்டி நிற்பது பூனாகலையில் அதற்கு முன் நடந்ததில்லை. விமானத்துக்கு விழுந்ததைவிட அதற்குத்தான் அதிகமாக விசில் விழுந்தது. விமானம் திரும்பும் பக்கமெல்லாம் அவர்களும் நான்கு காலில் திரும்பினார்கள். காம்பராப் பிள்ளைகள் "டீச்சர்! டீச்சர்!" என்று கத்தின.

"மோட்டார் சத்தம் எறங்குது," என்றான் தயாபரன், வாயை அசைக்க இடமில்லாமல். "பேட்டரி முடியுது. சீக்கிரம் எறக்கணும்."

"எந்தப் பக்கம்?"

"காத்து ஸ்டோர் பக்கமிருந்து வருது. அதுக்கு எதுக்க. சுத்தி வா. இன்னும் கொஞ்சம். இப்பக் கொற."

அவன் சொன்னதை அவள் செய்தாள். விமானம் புல்லைத் தொட்டு, சறுக்கி, கோல் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றது. பந்தாட்டக்காரர்கள் சிலர் வழக்கத்தில் "கோல்!" என்று கத்திவிட்டார்கள்.

"தயாபரன் அவர்கள் ஓட்டிய விமானம் பத்திரமாகத் தரையிறங்கியுள்ளது," என்றது ஒலிபெருக்கி.

தயாபரன் வாருக்குள் நின்றபடியே கையைத் தூக்கி, "ஓட்டுனது மதுஷா!" என்று கத்தினான். "நான் கட்டுனது!"

ஒலிபெருக்கி திருத்திச் சொன்னது. கயிறிழுக்க ஆட்கள் வந்துவிட்டார்கள், இவர்கள் இன்னும் வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரில், ரிமோட்டைக் கழற்றிவிடும் கொக்கி ஒன்று இருக்கிறது. அதை மாட்டியதே தயாபரன்தான். பதற்றத்தில் ஞாபகம் வரவில்லை என்றான். மதுஷா அதை நம்பியதாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் காற்று சரியாகிவிட்டது. "பொண்டாட்டிதானே ஓட்டுறா?" என்று ஆட்டோவில் ஏறுகிறவர்கள் கேட்டால், "ஆமா, நான் எறியிறது," என்பான். அதை ஒரு தொழிலைச் சொல்வதுபோலவே சொல்வான்.

தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று தொடங்கி மைதானத்தில் நிற்கவே முடியாமல் போன மாதங்களில், ஆட்டோவில் விமானத்தைக் குறுக்கே வைத்து வெலிமடைப் பக்கம் போனார்கள். அங்கே காற்றுக்கு மறைவான ஒரு பள்ளத்தில், உருளைக்கிழங்கு கிளறி முடித்த வயல் ஒன்று இருந்தது. வயல்காரர் தாஸிம் நானா, காய்கறி வியாபாரி. பக்கத்து மிளகாய்ப் பாத்தியைக் கிளிகள் பிய்க்கின்றன, இந்தச் சாமானால் அதுகளை விரட்ட முடியுமா என்று கேட்டார். முடியும் என்றான் தயாபரன். முதல் நாள் கிளிகள் பறந்தன. இரண்டாம் தடவை போனபோது, பறக்காமல் உட்கார்ந்து பார்த்தன. தாஸிம் நானாவும் அதற்குள் ஒரு கதிரை கொண்டுவந்து வரப்பில் போட்டிருந்தார். கிளிப் பேச்சு அதோடு விட்டுப்போனது.

அங்கேதான் ஒரு காலையில் தயாபரன் ஒரு முழுச் சுற்றைத் தானே ஓட்டினான். போய், திரும்பி, தன்னை நோக்கி வந்த விமானத்தை அவன் சரியான பக்கம் தள்ளினான். அது தலைக்கு மேலே தாண்டிப் போயிற்று. மதுஷா பக்கத்தில் கைகட்டி நின்றாள். தாஸிம் நானா எழுந்தே நின்றுவிட்டார். தயாபரன் மூச்சை விட்டு, ரிமோட்டை மதுஷாவிடம் நீட்டினான்.

"நீங்களே எறக்குங்களேன்."

"வேணாம். நல்லாப் பறக்கயிலயே குடுத்துர்றேன்."

அவள் வாங்கி இறக்கினாள். அவன் விமானத்தை எடுத்து வர வயலுக்குள் நடந்தான்.